நடு ஆற்று ஆமையும் கதைமாற்று விழாவும்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் முளைத்த இரண்டாம் வருஷம், ஒரு ரசிகர் மன்றம் தொடங்கினார்கள். காடு என்றவுடன் சிங்கம் ராஜா, நரி மந்திரி என்று நீங்கள் பாட்டுக்குக் கற்பனையை ஓட்ட வேண்டாம். சிங்கம் அங்கே இல்லவே இல்லை. நரி இருந்தது, மன்றத்தோடு கோபித்துக்கொண்டு போய்விட்டது.

மன்றத்துக்குக் காரணம் ஒரு தொடர்கதை. பெயர் 'கருங்கல் துறை'. எழுதியது ஒரு கொக்கு. வேங்கைத் தளபதி மாறவேளும் மான்குலத்து இளவரசி நித்திலாவும் பகைவர்களாகச் சந்தித்து, நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயம் முறைத்துக்கொண்டு, கடைசியில் கோட்டை மதில்மேல் நேருக்கு நேர் நின்ற நேரத்தில், கொக்கு 'தொடரும்' என்று போட்டுவிட்டு வேறு ஏரிக்குக் குடிபோய்விட்டது. காடு மூன்று மாதம் காத்திருந்தது. பிறகு அவரவரே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மாறவேளுக்கும் நித்திலாவுக்கும் கல்யாணம் செய்துவைத்தவர்கள் பாதி, இருவரையும் கொன்று தீர்த்தவர்கள் மீதி. கொக்கு பெற்றுப் போட்ட பிள்ளைகளை ஊரார் எடுத்து வளர்க்கும் இந்த வேலைக்கு மன்றத்தில் 'ரசிகர் கதை' என்று பெயர்.

மன்றத்தின் அட்மின் கோமளா. அவள் ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில், எறும்பு தின்ன முழ நீளத்துக்கு நாக்கு, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் இனம். அந்தச் சுருளும் குணத்தைப் பார்த்துத்தான் அவளை அட்மின் ஆக்கினார்கள் என்று சொல்வோரும் உண்டு. யார் எவ்வளவு திட்டினாலும் உள்ளே போகாதாம். போகும். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

கோமளாவுக்கு மாறவேளும் வேண்டாம், நித்திலாவும் வேண்டாம். அவளுக்குச் சடையன் போதும். சடையன் யாரென்றால், ஐம்பத்தெட்டாம் அத்தியாயத்தில் வெள்ளம் புரண்டோடும் ஆற்றில் மாறவேளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் ஆமை. அக்கரை நெருங்கியதும் மாறவேள் ஒரே தாவாகத் தாவிக் கரையேறி அரண்மனைக்கு ஓடிவிடுகிறான். கதையும் அவன் பின்னாலேயே ஓடிவிடுகிறது. ஆமை வெள்ளத்திலேயே நிற்கிறது. அதற்குப் பிறகு கொக்கு ஐம்பத்து நான்கு அத்தியாயம் எழுதியது. சடையன் வீடு போய்ச் சேர்ந்தான் என்று ஒரு வரி? மூச்சு கிடையாது. நான்கு வருஷமாகக் கோமளா இதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆமைக்கு நீந்தத் தெரியாதா? அதுக்கு என்ன கவலை?" என்பார்கள்.

"நீந்தத் தெரிஞ்சவங்களைப் பத்திக் கவலைப்படக் கூடாதா?" என்பாள் அவள்.

அவ்வளவு ஆசை இருந்தால் நீயே எழுதிக்கொள்ளேன் என்று நீங்கள் கேட்கலாம். மன்றத்திலும் கேட்டார்கள். கோமளாவின் கணக்கு வேறு. நாமே எழுதினால் அது நம்முடைய ஆசை. இன்னொருவர் எழுதினால்தான் அது நடந்த மாதிரி.

இப்போது விழாவுக்கு வருவோம். வருஷத்துக்கு ஒருமுறை மன்றத்தில் கதைமாற்று விழா நடக்கும். கலந்துகொள்கிறவர்கள் தமக்கு எந்தக் கதை வேண்டும் என்று படிவத்தில் எழுதித் தருவார்கள். சீட்டுக் குலுக்கி, யார் யாருக்கு எழுதுவது என்று கோமளா முடிவு செய்வாள். நீ ஒருவருக்கு எழுத வேண்டும், உனக்கு ஒருவர் எழுதுவார், யார் எழுதியது என்பது ரகசியம். கதைகள் வெளியாகி ஏழு நாள் காடே ஊகித்து மண்டையை உடைத்துக்கொள்ளும். எட்டாம் நாள் பெயர்கள் தாமாகத் திறக்கும்.

மூன்று வருஷமும் கோமளா விழாவை நடத்தினாளே தவிர, பெயர் கொடுத்ததில்லை. பந்தியில் பரிமாறுகிறவருக்கு யார் இலை போடுகிறார்கள்? நான்காம் வருஷம் துணை அட்மின் விசாலம்தான் வற்புறுத்தினாள். விசாலம் ஒரு மந்தி. தினமும் காலையில் மன்றத்தின் செல்போன் குழுவில் சூரியன் படத்துடன் வணக்கம் அனுப்புவது அவள் பொறுப்பு. வேறு பொறுப்பு கிடையாது.

"பதிமூணு பேரு சேர்ந்திருக்காங்க. நீயும் குடுத்தா பதினாலு. எவ்வளவு நாளைக்குத்தான் அடுத்தவங்களுக்கே செஞ்சிட்டிருப்பே?" என்றாள் விசாலம்.

கோமளா கூச்சத்தோடு படிவத்தைத் திறந்தாள். 'வேண்டிய கதை' என்ற கட்டத்தில், 'சடையன் வீடு சேர்ந்தானா என்று தெரிய வேண்டும். சின்னதாக இருந்தாலும் போதும்' என்று எழுதினாள். எழுதிவிட்டுச் சற்று நேரம் சுருண்டுகொண்டாள்.

சீட்டில் அவளுக்கு எழுத வேண்டியவராக வந்த பெயரைப் பார்த்தபோது நாக்கு முழுசாக வெளியே வந்துவிட்டது. எழுத்தாளர் ரத்னசபாபதி! மயில். அந்தக் காட்டில் பெயருக்கு முன்னால் 'எழுத்தாளர்' என்று போட்டுக்கொள்ளும் ஒரே ஜீவன். எழுதியது இரண்டே கதை. அவற்றைப் பற்றி ஆற்றிய உரை முப்பது. ஆனாலும் அந்த இரண்டும் நன்றாக இருக்கும் என்பதை நான் மறைக்கக் கூடாது. கோமளாவுக்கு அன்று எறும்பே இறங்கவில்லை. சடையனை மயில் எழுதப் போகிறார்!

கடைசித் தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது முதல் தனிச்செய்தி வந்தது. சாரைப்பாம்பு அனுப்பியிருந்தது. "அக்கா, சட்டை உரிச்சிட்டிருக்கேன். கண்ணு மங்கலா இருக்கு. இந்த வருஷம் என்னை விட்டுடுங்க." அடுத்து முயல், "ஆறாவது ஈத்து அக்கா, கையும் ஓடலை காலும் ஓடலை." அடுத்து கரடி, "தேன் சீசன்." கழுதைப்புலிக்குச் சோகக் கதை எழுதச் சீட்டு விழுந்திருந்தது. அது குரல்செய்தி அனுப்பியது. "எவ்வளவோ முயற்சி பண்ணேன் கோமளாக்கா. ஒவ்வொரு தடவையும் பாதியில சிரிப்பு வந்துடுது." அந்தச் செய்தியிலேயே கடைசி இருபது நொடி சிரிப்புதான்.

இவர்கள் பெயரைக் குழுவில் போட்டு நாலு பேர் காறித் துப்பும்படி செய்திருக்கலாம். இரண்டாம் வருஷம் அப்படித்தான் நரியின் பெயரை வெளியிட்டாள். நரி மறுநாளே போட்டிக் குழு தொடங்கி, பதினோரு பேரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்று கோமளா தன் கையாலேயே ஏழாம் விதியை எழுதினாள். 'கைவிட்டவர் பெயரை அட்மின் எக்காலத்திலும், எக்காரணம் கொண்டும், யாரிடமும் வெளியிடக் கூடாது.' தடித்த எழுத்தில் போட்டு, கீழே கோடும் இழுத்தாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கதைகளை ஏற்றும் தளத்தைக் கட்டிக் கொடுத்தது ஒரு கிளி. பதினாலு பெயருக்குப் பதினாலு பெட்டி. ஒரு பெட்டி காலியாக இருந்தாலும் மொத்தத் தளமும் திறக்காது. அந்தந்தப் பெட்டிக்குள் இருக்கும் கதை அந்தந்தப் பெயரில்தான் வெளியாகும். இதை மாற்ற ஒரு கடவுச்சொல் இருந்தது. கிளிக்கு வெளிக்காட்டில் வேலை கிடைத்துப் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது.

ஆகவே கோமளா என்ன செய்தாள்? வேறென்ன, உட்கார்ந்து எழுதினாள். தன் சீட்டுக்கு உரிய எருமைக்கு ஒன்று எழுதி முடித்திருந்தாள். இப்போது சாரைக்காக ஒரு போர்க்களம், முயலுக்காக ஒரு தாலாட்டு, கரடிக்காக ஒரு விருந்து, கழுதைப்புலிக்காக ஒரு சாவு. ஒவ்வொன்றையும் அதற்குரிய பெட்டியில் போட்டாள். யாருக்கும் பரிசு இல்லாமல் போய்விடக் கூடாது என்பதுதான் அவளுக்கு முக்கியம். ஊருக்கு உழைத்தால் இப்படித்தான் என்று அலுத்துக்கொண்டாலும், எப்படியும் தனக்கு மயில் எழுதுகிறார் என்ற நினைப்பு அவளை இழுத்துக்கொண்டு போனது.

இரண்டு நாளைக்கு ஒருமுறை மயிலைக் கேட்பாள்.

"மனசுக்குள்ள எழுதி முடிச்சாச்சு மேடம். இனி இறக்கி வைக்கணும், அவ்வளவுதான்."

"சரிங்க ஐயா. அவசரம் இல்ல."

அவசரம்தான். கடைசித் தேதி காலையில் மயிலிடமிருந்து செய்தி வந்தது. "மன்னிக்கணும் கோமளா மேடம். ஆமைக்குள்ள என்னால இறங்க முடியலை. ஓடு தடுக்குது. வேற யாராவதா இருந்தா கோவிச்சுக்குவாங்க. நீங்க அட்மின், புரிஞ்சுக்குவீங்க."

கோமளா புரிந்துகொண்டாள். அவள் புரிந்துகொள்ளாமல் போன நாளே கிடையாது, அதுதான் அவளைப் பிடித்த சனியன். புரிந்துகொண்டு, ஒரு புற்றின் மறைவில் போய் இறுகச் சுருண்டுகொண்டாள். நான்கு வருஷம் கேட்டது ஒரு ஆமை. அதுவும் சின்னதாக இருந்தால் போதும் என்று கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது. செதிலுக்குள் அழுதால் சத்தம் கேட்காது.

மத்தியானம் விரிந்து எழுந்தாள். பதிமூன்று பெட்டி நிறைந்திருந்தது. மயிலின் பெட்டி காலி. மாலைக்குள் அது நிறையாவிட்டால் யாருக்கும் கதை இல்லை. தன் கையே தனக்கு உதவி என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தானோ என்னவோ! நாலு வரியில் ஒப்பேற்றிவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

நாலு வரியில் நிற்கவில்லை. மாறவேள் ஏதாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்தாலும் வருவான் என்று சடையன் வெள்ளத்தில் சற்று நேரம் காத்திருந்தான். வரவில்லை. திரும்பி நீந்தத் தொடங்கினான். வெள்ளம் அவனை மூன்று காதம் கீழே தள்ளிக்கொண்டு போனது. தெரியாத கரையில் ஏறி, இரண்டு நாள் நடந்து வீட்டுக்கு வந்தான். மனைவி கூழை எடுத்துவைத்தாள்.

"ஏன் லேட்டு? யாரைக் கொண்டுபோய் விட்டே?"

"யாரோ தளபதியாம்."

"பெரிய ஆளா?"

"நனைஞ்சு போயிருந்தான்" என்றான் சடையன். கூழைக் குடித்துவிட்டுப் படுத்துத் தூங்கினான்.

கோமளா எழுதியதை ஒருமுறை படித்தாள். யாரோ சொல்லி அவள் கேட்டது போல இருந்தது. சடையன் வீடு சேர்ந்துவிட்டான்! அவள் மயிலின் பெட்டியில் கதையைப் போட்டுவிட்டு, நிம்மதியாக எறும்பு தின்னப் போனாள்.

தளம் திறந்தது. ஒரே நாளில் காடு முழுக்கச் சடையன் பேச்சாகிவிட்டது. நித்திலாவின் கல்யாணத்துக்காகச் சண்டை போட்டவர்களெல்லாம் அதை நிறுத்திவிட்டு ஆமைக்காக அழுதார்கள். எருமை மூன்று தடவை படித்ததாம். 'நனைஞ்சு போயிருந்தான்' என்ற வரியை இருபது பேர் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். இதை எழுதியது மயிலைத் தவிர வேறு யாராக இருக்க முடியும் என்று முதல் நாளே தீர்மானம் ஆகிவிட்டது.

பரிசு பெற்றவர் ஒருநாளுக்குள் நன்றி எழுத வேண்டும் என்பது நான்காம் விதி. அதுவும் கோமளா எழுதியதுதான். 'மிக்க நன்றி' என்று போட்டாள். விசாலம் உடனே கூப்பிட்டாள்.

"என்னடி இது, கரண்ட் பில்லுக்கு ரசீது குடுத்த மாதிரி? அவ்வளவு பெரிய கதைக்கு ரெண்டு வார்த்தையா? எழுதினவங்க மனசு என்ன பாடுபடும்?"

எழுதினவங்க மனசு படும் பாட்டோடு கோமளா நன்றியைப் பத்து வரியாக்கினாள்.

எட்டாம் நாள் பெயர்கள் திறந்தன. சடையன் கதைக்கு மேலே 'எழுத்தாளர் ரத்னசபாபதி' என்று வந்தது. நான் எழுதவில்லையே என்று மயில் சொல்லிவிடுவார் என்று கோமளா எதிர்பார்த்தாள். சொன்னாலும் சொல்லியிருப்பார், பாவம். ஆனால் அரைமணி நேரத்துக்குள் நாற்பது வாழ்த்து வந்துவிட்டது. அதற்குமேல் தாங்க மயில் என்ன கல்லா? "அந்த ஆமைக்குள்ள இறங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்று குரல்செய்தி போட்டார். அதில் பொய் ஒன்றுமில்லை, கவனியுங்கள்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மற்ற நால்வரும் துணிந்துவிட்டார்கள். சாரை தன் போர்க்களத்தின் உட்பொருளை விளக்கியது. முயல் தாலாட்டைத் தன் குட்டிகளுக்கு அர்ப்பணித்தது. கரடி விருந்தின் சமையல் குறிப்பு தருவதாகச் சொன்னது. சாவுக் கதை எழுதும்போது விம்மி விம்மி அழுததாகக் கழுதைப்புலி சொல்லி, பாதியில் சிரித்துவிட்டது. அதை அழுகை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கோமளா மயிலுக்குத் தனியே போன் போட்டாள்.

"ஐயா, அது நீங்க எழுதலையே."

"அதான் எனக்கும் முதல்ல தோணிச்சு மேடம். அப்புறம் நாலு தடவை படிச்சேன். என் நடைதான். மனசுக்குள்ள எழுதினது எப்படியோ போய்ச் சேர்ந்துடுச்சு. கலையில இதெல்லாம் நடக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்படியில்லைன்னா நான் கைவிட்டுட்டேன்னு நீங்க வெளிய சொல்லணும். ஏழாம் விதி இருக்கே?" என்றார்.

விதியை மீற முடியாமல், ஆனால் பொறுக்கவும் முடியாமல், கோமளா விசாலத்திடம் போய் நின்றாள். "விசாலம், யார்கிட்டயும் சொல்லாதே. அந்தச் சடையன் கதை... அது நான் எழுதினது."

விசாலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கோமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு கோமளா! நாமளே எழுதின மாதிரி இருக்கு பாரு. நல்ல எழுத்துன்னா அதான்."

யாரிடமும் சொல்லாதே என்றால் விசாலம் சொல்ல மாட்டாள், அனுப்புவாள். 'இது நானே எழுதியது போல இருக்கிறது என்று நம் அட்மின் நெகிழ்ச்சி' என்று பூப்போட்ட படத்தில் அச்சடித்துக் குழுவில் போட்டாள். மயில் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்.

இதோடு விட்டிருந்தால்கூடக் கோமளா புரிந்துகொண்டிருப்பாள். பேர் போனால் போகிறது, ஆமை கரை சேர்ந்ததே. ஆனால் ரசிகர்கள் இரண்டாம் பாகம் கேட்டார்கள். மயில் ஒரே மத்தியானத்தில் எழுதினார். அதில் சடையன் உண்மையில் மாறுவேடத்தில் இருக்கும் ஆமைநாட்டு இளவரசன். தூக்கத்திலிருந்து எழுந்து, கூழைத் தட்டிவிட்டு, மாறவேளைத் தேடி மறுபடி வெள்ளத்தில் இறங்குகிறான். மூன்று பக்கத்துக்கு வசனம் பேசிவிட்டு மூழ்கிச் சாகிறான்.

கோமளா அதைப் படித்தாள். நான்கு வருஷம் பட்ட கவலை, ஒருவழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்த பிராணி! "சடையன் இப்படிச் செய்ய மாட்டான்" என்று குழுவில் எழுதினாள். அட்மின் ஆனதிலிருந்து அவள் போட்ட முதல் கோபச் செய்தி அது.

"எழுதினவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுடப் போகுது?" என்று சாரை கேட்டது. அந்தக் கேள்விக்குக் கீழே முயலும் கரடியும் கழுதைப்புலியும் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

கோமளா சுருளவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரில் ஒரு சடையன் கதை எழுதினாள். அதில் மூழ்கியது கெட்ட கனவு. சடையன் விழித்துப் பார்க்கிறான், மனைவி கூழை அடுப்பில் வைத்திருக்கிறாள், வெளியே தண்ணீர் வடிந்துவிட்டது. எழுதியதைக் குழுவில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

கருத்துகள் வந்தன. எல்லாமே அன்பான கருத்துகள்.

"நல்ல முயற்சி" என்றது எருமை. "உரையாடல்ல இன்னும் உழைக்கணும் அக்கா. மூலத்துல இருக்கிற சடையன் இப்படிப் பேச மாட்டான்" என்றது சாரை. "மயிலய்யா நடையை அப்படியே பிடிக்கப் பார்த்திருக்கீங்க, ஆனா அந்த ஈரம் வரலை" என்றது கரடி. மயில் பெருந்தன்மையோடு எழுதினார். "வளரும் எழுத்தாளர் கோமளாவுக்கு வாழ்த்துகள். என் சடையனை நீங்கள் இன்னும் நெருங்கவில்லை. நெருங்குவீர்கள்."

மாலையில் விசாலம் ஆறுதல் சொல்ல வந்தாள்.

"மனசு விட்டுடாதே கோமளா. மயிலய்யா ஞாயித்துக்கிழமை பயிலரங்கு நடத்துறாரு. 'சடையனை எழுதுவது எப்படி'ன்னு தலைப்பு. முதல் ஆளா நீ சேரு. அப்படியே அதுக்கான படிவத்தையும் நீயே போட்டுடேன், எங்களுக்கெல்லாம் அது எங்க வருது!"

கோமளா படிவம் தயாரித்தாள். வழக்கம்போலக் கட்டங்கள் நேராக, நட்சத்திரக் குறிகள் சரியாக, அழகாக இருந்தது. வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் தன் பெயரையே நிரப்பினாள். 'சடையன் பற்றி எழுதி இதற்கு முன் பாராட்டுப் பெற்ற அனுபவம் உண்டா?' என்று ஒரு கேள்வி வந்தது. அவள் வைத்த கேள்விதான். ஏழாம் விதியை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு, 'இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து, அனுப்பினாள்.

நீதி: நீ எழுதிய கதையைப் போல உனக்கு எழுத வரவில்லையென்றால் மனம் தளராதே, அதை எழுதாதவரிடம் முறைப்படி கற்றுக்கொள். படிவத்துக்கு அட்மினை அணுகவும்.